தாம்பரம் தொடர்வண்டி நிலையம்

தாம்பரம் தொடர்வண்டி நிலையம் சென்னைப் புறநகர் இருப்புவழியின் தெற்குத் தடத்தில், சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஒரு முதன்மை நிலையமாகும். இது தென்னக இரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. இதன் நிலையக் குறியீடு டி.பி.எம். ஆகும். சென்னை கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கி இயங்கும் புறநகர் மின்தொடர்வண்டிகளில் பெரும்பகுதி இந்நிலையத்துடன் நின்றுவிடுகிறது. மற்றவை செங்கல்பட்டு நோக்கியும் அதற்கு அப்பாலும் செல்கின்றன. சென்னை சென்ட்ரல், சென்னை எழும்பூர் ஆகியவற்றுக்கு அடுத்து, நெடுந்தொலைவு வண்டிகள் புறப்படும் நகரின் மூன்றாவது முனையமாகவும் இந்நிலையம் வளர்ந்துள்ளது.

இந்தியாவில் மீட்டர் அகலப் பாதையில் மின்சாரத்தால் வண்டிகளை இயக்கிய ஒரே வழித்தடம் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இவ்வழித்தடமே. 1931 ஆம் ஆண்டு அத்தடத்தின் தென்முனையாக அமைந்தது தாம்பரம். அதனால் இந்நிலையத்தின் வரலாறு, சென்னை மாநகரம் தெற்கு நோக்கி விரிந்த வரலாற்றோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளது.

அமைவிடம்

நிலையம் தேசிய நெடுஞ்சாலையான பெருந்தென்தடச் சாலைக்கு (மக்கள் வழக்கில் 'ஜி.எஸ்.டி. சாலை') இணையாக, அதன் கிழக்கே அமைந்துள்ளது. இருப்புப்பாதை ஊரை மேற்குத் தாம்பரம், கிழக்குத் தாம்பரம் என இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கில் கடைத்தெருக்களும் காய்கறிச் சந்தையும் முடிச்சூர் நோக்கிச் செல்லும் சாலையும் உள்ளன. கிழக்கில் 1937 ஆம் ஆண்டு நகரிலிருந்து இடம் பெயர்ந்து வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மரங்கள் அடர்ந்த வளாகமும், இந்திய வான்படையின் தாம்பரம் தளமும், வேளச்சேரிச் சாலையும் உள்ளன. இரு பகுதி மக்களுக்கும் நிலையத்தின் நடைமேம்பாலம் இரயில் ஏறுவதற்கான வழி மட்டுமன்று. ஊரின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் செல்லும் தெருவாகவும் அது பயன்படுகிறது. வண்டியில் ஏறும் எண்ணமே இல்லாமல், பையில் காய்கறியோடு பாலத்தைக் கடப்பவர்களை எந்நேரமும் காணலாம்.

வடக்கே அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928 ஆம் ஆண்டு மருத்துவர் சவுரிமுத்து இங்குத் தோற்றுவித்த காசநோய் மருத்துவமனையின் பெயரையே அந்நிலையம் தாங்கியுள்ளது. நகருக்கு வெளியே நல்ல காற்று உள்ள இடம் என்பதற்காகவே அம்மருத்துவமனைக்கு இப்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை இன்றைய நெரிசலில் நம்புவது கடினம். தெற்கே அடுத்த நிலையம் பெருங்களத்தூர்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. நிலையம் அம்மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்துள்ளது.

வரலாறு

நீராவிக் காலம்

1874 ஆம் ஆண்டு தோன்றிய தென்னிந்திய இரயில்வே நிறுவனம், 19 ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தென்மாவட்டங்களை நோக்கி மீட்டர் பாதையை அமைத்தது. அப்பாதையில் தாம்பரம் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஒரு சிற்றூரின் நிலையமாக இருந்தது. 1908 ஆம் ஆண்டு எழும்பூரில் இன்றுள்ள பெரிய நிலையக் கட்டடம் திறக்கப்பட்ட பின்னர், தெற்கு நோக்கிய வண்டிகளுக்கு அதுவே தலைமை நிலையமாயிற்று.

1920களில் சென்னையின் தென்மேற்கில் இருந்த நீண்ட ஏரியின் பகுதிகள் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களிலிருந்து நகருக்குள் வேலைக்கு வருவோரின் எண்ணிக்கை பெருகியது. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையின் பெயரால் குரோம்பேட்டை என்னும் ஊரே தோன்றியது. நீராவி எஞ்சின் பூட்டிய வண்டிகளால் இக்கூட்டத்தை அடிக்கடி ஏற்றி இறக்க இயலவில்லை. நீராவி வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நின்று மீண்டும் வேகம் எடுக்க நேரமாகும். முனை நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, வண்டியைச் சுற்றி ஓட்டிச் சென்று மறுமுனையில் பூட்டவும் வேண்டும். குறுந்தொலைவில் பல முறை போய்வர வேண்டிய சேவைக்கு இது ஒவ்வாத முறை.

1931: மின்சாரம்

கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி இயக்கத் தென்னிந்திய இரயில்வே 1920களின் பிற்பகுதியில் பணிகளைத் தொடங்கியது. 1931 ஏப்ரல் 2 அன்று அப்போதைய சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி மின்சேவையை முறைப்படி தொடங்கி வைத்தார். 1931 மே 11 முதல் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடத் தொடங்கின. 1500 வோல்ட்டு நேர்மின்னோட்டம் மேல்நிலைக் கம்பி வழியாக வழங்கப்பட்டது. 1925 ஆம் ஆண்டு மின்தொடர்வண்டி பெற்ற பம்பாய்க்கு அடுத்து இவ்வசதியைப் பெற்ற இந்திய நகரம் சென்னையே. பம்பாயில் ஓடியவை அகலப் பாதை வண்டிகள்; ஒரு மீட்டர் அகலமே கொண்ட பாதையில் மின்சாரம் பாய்ந்தது சென்னையில்தான் முதன்முறை.

மின்தொடர்வண்டியின் சிறப்பு, தனி எஞ்சின் இல்லாமையாகும். பெட்டிகளில் சிலவற்றின் அடியிலேயே மோட்டார்கள் பொருத்தப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருக்கும். முனை நிலையத்தை அடைந்த வண்டி எங்கும் திரும்ப வேண்டியதில்லை. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றால் போதும். தாம்பரம் முனையாக அமைந்ததன் பயன் இதனால் முழுமையாகக் கிட்டியது. வந்த நடைமேடையிலிருந்தே சில நிமிடங்களில் வண்டி மீண்டும் கடற்கரைக்குப் புறப்பட்டது.

இச்சேவை ஊரின் பொருளையே மாற்றியது. நகரில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைந்த ஊரில் குடியிருக்கலாம் என்னும் வாழ்க்கைமுறை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் தொலைவில் வந்தது. எழுத்தர், ஆசிரியர், அச்சகத் தொழிலாளர், துறைமுக ஊழியர் எனப் பலரும் இத்தடத்தை ஒட்டிய மனைகளில் குடியேறினர். சென்னையின் தென்புறநகர் வட்டமாக விரியாமல், ஒரு கயிற்றில் கோத்த மணிகளைப் போல் நிலையம் நிலையமாக நீண்டதற்கு இவ்விருப்புப்பாதையும் அதை ஒட்டிய நெடுஞ்சாலையுமே காரணம்.

மாறுதிசை மின்னோட்டம்

1944 ஆம் ஆண்டு தென்னிந்திய இரயில்வே அரசின் வசமானது. 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக இரயில்வே உருவானபோது இத்தடம் அதன் பகுதியாயிற்று.

1960களில் மின்மயமாக்கம் தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரையிலும், பின்னர் விழுப்புரம் வரையிலும் நீட்டிக்கப்பட்டது. புதிய பகுதிக்கு 25,000 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. குறைந்த அழுத்த நேர்மின்னோட்டத்திற்குச் சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையமும் தடித்த செப்புக் கம்பியும் தேவை. உயரழுத்த மாறுதிசை மின்னோட்டத்தில் துணைமின் நிலையங்களைத் தள்ளித் தள்ளி அமைக்கலாம், கம்பியும் மெல்லியதாக இருக்கலாம். தாம்பரத்திற்கு வடக்கே ஒரு முறையும் தெற்கே வேறொரு முறையும் இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், கடற்கரை–தாம்பரம் பகுதியும் மாறுதிசை முறைக்கு மாற்றப்பட்டது. 1967 சனவரியில் இம்மாற்றம் நிறைவுற்றது. ஒப்பீட்டிற்கு, மும்பைப் புறநகர்த் தடங்களில் இதே மாற்றம் முழுமையடைந்தது 2016 ஆம் ஆண்டில்தான்.

இக்காலத்தில் ஜப்பானின் மிட்சுபிசி நிறுவனம் கட்டிய ஒய்.ஏ.எம்.-1 வகை மின் எஞ்சின்கள் நெடுந்தொலைவு மீட்டர் பாதை வண்டிகளைச் சென்னைக்கும் விழுப்புரத்திற்கும் இடையே இழுத்தன. மீட்டர் பாதைப் புறநகர்ப் பெட்டிகள் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டன. அவ்வகைப் பெட்டி ஒன்றைச் சென்னை இரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அகலப் பாதை

1990களில் இந்திய இரயில்வே நாடெங்கும் ஒரே அகலப் பாதையை அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் முதன்மைத் தடமும் 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டருக்கு மாற்றப்பட்டது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் பயணிக்கும் புறநகர்த் தடத்தை ஒரே நேரத்தில் மூடிவிட்டு மாற்ற இயலாது. ஆகவே பல ஆண்டுகள் மீட்டர் பாதையும் அகலப் பாதையும் அருகருகே இயங்கின. ஒரே நிலையத்தில் ஒரு நடைமேடையில் சிறிய வண்டியும் மற்றொன்றில் பெரிய வண்டியும் நிற்கும் காட்சியை அக்காலப் பயணிகள் நன்கு நினைவில் வைத்துள்ளனர்.

2004 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் எழும்பூர்–தாம்பரம் இடையேயான கடைசி மீட்டர் பாதைப் புறநகர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. இதனுடன் 73 ஆண்டுக்கால மீட்டர் பாதை மின்சேவை முடிவுற்றது. அகலப் பாதை வண்டிகளின் பெட்டிகள் அகன்றவை. ஒரு வண்டி ஏற்றும் பயணிகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. முதலில் ஒன்பது பெட்டிகளுடன் ஓடிய வண்டிகள் பின்னர் படிப்படியாகப் பன்னிரண்டு பெட்டிகள் கொண்டவையாக மாற்றப்பட்டன. இதற்காகத் தடம் முழுவதும் நடைமேடைகளை நீட்டிக்க வேண்டியிருந்தது.

பணிமனை

1931 ஆம் ஆண்டிலிருந்தே மின்தொடர்வண்டிகளைப் பேணும் பணிமனை தாம்பரத்தில் உள்ளது. ஊழியர்களும் ஊராரும் இதனைக் 'கார் ஷெட்' என்றே அழைப்பர். இரவுச் சேவை முடிந்ததும் வண்டிகள் இங்கு நிறுத்தப்பட்டு, மோட்டார்கள், தடைக்கட்டைகள், மேற்கம்பியைத் தொடும் சட்டம் ஆகியவை ஆய்வு செய்யப்படுகின்றன. அதிகாலை நான்கு மணியளவில் முதல் வண்டிகள் இங்கிருந்தே நடைமேடைக்கு வருகின்றன. மீட்டர் பாதைக்காக அமைந்த இப்பணிமனை அகலப் பாதைக்கேற்பப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து வண்டி புறப்படும்போதே அமர இடம் கிடைக்கிறது என்பதால், சானடோரியம், குரோம்பேட்டைப் பயணிகளில் சிலர் காலையில் ஒன்றிரண்டு நிலையங்கள் பின்னோக்கி வந்து இங்கு ஏறும் வழக்கமும் உண்டு.

தடங்களும் நடைமேடைகளும்

எழும்பூருக்கும் தாம்பரத்திற்கும் இடையே நான்கு தடங்கள் உள்ளன. இவற்றில் இரண்டு புறநகர் வண்டிகளுக்கும், இரண்டு நெடுந்தொலைவு வண்டிகளுக்கும் உரியவை. தாம்பரத்திற்குத் தெற்கே நீண்ட காலம் இரண்டு தடங்களே இருந்தன. விரைவுவண்டியும் புறநகர் வண்டியும் சரக்கு வண்டியும் அவற்றையே பகிர்ந்துகொண்டன. தென்மாவட்ட விரைவுவண்டிகள் வரிசையாகச் சென்னைக்குள் நுழையும் காலை நேரத்தில், செங்கல்பட்டு வண்டிகள் தாமதமாவதற்கு இதுவே முதன்மைக் காரணம். தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாம் தடம் பகுதி பகுதியாக அமைக்கப்பட்டு 2022 ஆம் ஆண்டளவில் முழுமை பெற்றது. இப்பகுதியில் நான்காம் தடம் அமைக்க 2025 ஆம் ஆண்டில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

நிலையத்தில் சிறிய எண்களைக் கொண்ட நடைமேடைகள் பெரும்பாலும் புறநகர் வண்டிகளுக்கும், பிற நடைமேடைகள் நெடுந்தொலைவு வண்டிகளுக்கும் பயன்படுகின்றன.

2024 ஆம் ஆண்டு சூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாம்பரம் நிலைய முற்றத்தின் தடங்களும் சைகை அமைப்பும் பெருமளவில் மாற்றியமைக்கப்பட்டன. நிலையம் முழுவதையும் தொடும் பணி என்பதால், பல வாரங்கள் பகலின் ஒரு பகுதியிலும் பின்னிரவிலும் ஏராளமான புறநகர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. வண்டிகள் வடக்கே கடற்கரை–பல்லாவரம் இடையேயும், தெற்கே கூடுவாஞ்சேரி–செங்கல்பட்டு இடையேயும் மட்டும் ஓடின. இடைப்பட்ட தொலைவிற்கு மாநகரப் பேருந்துகள் கூடுதலாக விடப்பட்டன. பெருந்தென்தடச் சாலையில் அந்நாட்களில் ஏற்பட்ட நெரிசல், இருப்புப்பாதை நாள்தோறும் சாலையிலிருந்து எவ்வளவு கூட்டத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது.

புறநகர்ச் சேவைகள்

வழித்தடம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை இரு முனைகளையும் சேர்த்துப் பதினெட்டு நிலையங்கள் உள்ளன. அவை சென்னை கடற்கரை, சென்னை கோட்டை, சென்னை பூங்கா, சென்னை எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்பன. எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி இத்தொலைவை ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடக்கிறது.

இவற்றுள் பூங்கா நிலையம் சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே அமைந்திருப்பதால், வடமாநில வண்டிகளுக்குச் செல்வோர் அங்கு இறங்குகின்றனர். கோட்டை, பூங்கா ஆகியவற்றில் வேளச்சேரி செல்லும் பறக்கும் இரயிலுக்கு மாறலாம். எழும்பூர், கிண்டி, பரங்கிமலை ஆகியவற்றில் மெட்ரோ இரயிலுக்கு மாறலாம். திரிசூலம் விமான நிலையத்திற்கு எதிரே உள்ளது. இந்தியாவில் வானூர்தி நிலையத்திற்கு இவ்வளவு அருகில் மலிவான புறநகர் வண்டி நிற்கும் இடங்கள் மிகக் குறைவு.

தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர், செங்கல்பட்டு ஆகிய நிலையங்கள் உள்ளன. வண்டலூரில் 1985 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும், பொத்தேரியில் பெரிய தனியார் பல்கலைக்கழகமும், மறைமலைநகரில் தொழிற்பேட்டையும் உள்ளன. இதனால் இத்தடத்தில் கூட்டம் ஒரு திசையில் மட்டும் இருப்பதில்லை. காலையில் நகரை நோக்கிச் செல்லும் ஊழியர் கூட்டம் ஒருபுறமிருக்க, கல்லூரிப் பைகளுடன் தெற்கு நோக்கிச் செல்லும் மாணவர் கூட்டமும் தாம்பரத்தின் நடைமேடைகளை நிரப்புகிறது.

செங்கல்பட்டிலிருந்து சில வண்டிகள் மேற்கே திரும்பிக் காஞ்சிபுரம், திருமால்பூர் வரை செல்கின்றன. திருமால்பூரைத் தாண்டித் தக்கோலம் வழியாக அரக்கோணத்தை இணைத்தால் சென்னையைச் சுற்றி ஒரு வட்டப் பாதை நிறைவுறும். தக்கோலத்திற்கும் அரக்கோணத்திற்கும் இடையே உள்ள கடற்படையின் இராஜாளி வானூர்தித் தளத்தால் இப்பாதை நீண்ட காலம் தடைபட்டிருந்தது. தடை நீங்கிய பின், 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டச் சேவை தொடங்கியது. கடற்கரையில் ஏறித் தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாக மீண்டும் சென்னைக்கே வந்துசேரலாம். முழு வட்டமும் சுற்றுவோர் மிகச் சிலரே எனினும், காஞ்சிபுரத்து மக்களுக்கு இது பயன் தருகிறது.

வண்டிகளின் வகைகள்

எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளே மிகுதி. செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் வண்டிகளில் சில, குறிப்பிட்ட நிலையங்களில் மட்டும் நின்று நெடுந்தொலைவுத் தடத்தில் விரைவாகச் செல்கின்றன. நெரிசல் நேரங்களில் சில வண்டிகள் மகளிர்க்கென்றே இயக்கப்படுகின்றன. மற்ற வண்டிகளிலும் மகளிர் பெட்டிகளும், முதல் வகுப்புப் பகுதியும், பொருள்களுடன் வரும் வணிகர்க்கான பகுதியும் உண்டு. அதிகாலையில் பூக்கூடைகளும் கீரைக்கட்டுகளும் வருவது இவ்வணிகர் பகுதியில்தான்.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றை ஒட்டிப் புறநகர்ச் சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் இன்றியமையாப் பணியாளர்க்கும், நவம்பரில் மகளிர்க்கும், திசம்பரில் நேரக் கட்டுப்பாட்டுடன் பிறர்க்கும் எனப் படிப்படியாகவே பயணம் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில், நாள் ஒன்றுக்குச் சில ரூபாய் செலவில் வேலைக்குச் சென்றுவந்தவர்கள் பேருந்துக்கும் பகிர்வு ஆட்டோவுக்கும் அதைப்போலப் பன்மடங்கு செலவிட நேர்ந்தது.

கட்டணம்

2025 ஆம் ஆண்டு நிலவரப்படி சாதாரணப் புறநகர் வண்டியின் இரண்டாம் வகுப்புக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகும். கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு 10 ரூபாயாகும். அன்றாடப் பயணிகள் பெரும்பாலும் மாதாந்தப் பருவச்சீட்டையே வைத்துள்ளனர். பயணச்சீட்டுச் சாளரங்கள் தவிரத் தானியங்கி இயந்திரங்களிலும் கைப்பேசிச் செயலியிலும் சீட்டு பெறலாம். 2025 செப்டம்பரில் அறிமுகமான 'சென்னை ஒன்று' செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் சீட்டு எடுக்க வழிசெய்தது.

2025 ஏப்ரல் 19 அன்று சென்னையின் முதல் குளிர்சாதனப் புறநகர் வண்டி இத்தடத்தில் இயங்கத் தொடங்கியது. பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட இவ்வண்டி கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே தாம்பரம் வழியாகச் செல்கிறது. கதவுகள் தாமாகவே மூடித் திறக்கும். இதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாயும், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாயுமாக அறிவிக்கப்பட்டது. மெட்ரோவில் சென்று பழகியவர்களுக்கு இது பெரிய தொகையன்று. ஐந்து ரூபாய்ச் சீட்டில் செல்பவருக்குக் குறைந்தபட்சக் கட்டணமே ஏழு பயணங்களின் செலவு. ஒரே நடைமேடையில் இரண்டும் வந்து நிற்கும்போது, சாதாரண வண்டியின் எண்ணிக்கை குறைக்கப்படக் கூடாது என்பதே அன்றாடப் பயணிகளின் கவலையாக உள்ளது.

பாதுகாப்பு

சாதாரணப் புறநகர் வண்டியின் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும். காற்று வருவதற்கும், சில நொடிகளே நிற்கும் நிலையத்தில் விரைந்து ஏறி இறங்குவதற்கும் இது உதவுகிறது. நெரிசல் நேரத்தில் படிக்கட்டில் தொங்கிச் செல்வதும் இதனாலேயே நிகழ்கிறது. உள்ளே இடமிருந்தும் விளையாட்டாகத் தொங்கும் இளைஞர் உண்டு. உள்ளே நுழையவே இடமின்றித் தொங்குவோரும் உண்டு. அறிவிப்புகள் இவ்விருவரையும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசுகின்றன.

2018 சூலை 24 அன்று காலை, கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகத் திருமால்பூர் செல்லும் வண்டியில் தொங்கிச் சென்ற பயணிகள் பரங்கிமலை நிலையத்தில் ஒரு சுவரில் மோதி விழுந்தனர். ஐவர் உயிரிழந்தனர், மேலும் சிலர் காயமடைந்தனர். அன்று புறநகர்த் தடத்தில் மேல்நிலை மின்கம்பி அறுந்ததால், வண்டி நெடுந்தொலைவுத் தடத்தில் திருப்பி விடப்பட்டிருந்தது. அத்தடத்தை ஒட்டி நடைமேடையின் பக்கவாட்டில் அச்சுவர் இருந்தது. கதவுகள் மூடியபடி செல்லும் விரைவுவண்டிக்கு அந்த இடைவெளி போதுமானது. உடலின் ஒரு பகுதி வெளியே இருக்கும் புறநகர்ப் பயணிக்கு அது போதவில்லை. முந்தைய வண்டிகள் நின்றுவிட்டதால் நடைமேடைகளில் சேர்ந்திருந்த கூட்டமும் அன்றைய தொங்கலுக்கு ஒரு காரணம். ஒரு தடத்தின் வண்டியை மற்றொரு தடத்தில் விடும்போது, வண்டியின் அளவை மட்டுமன்றி அதில் மக்கள் உண்மையில் எவ்வாறு பயணிக்கின்றனர் என்பதையும் கணக்கிட வேண்டும் என்னும் கருத்து இதன் பின் வலுப்பெற்றது.

தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும் இத்தடத்தின் தீராத சிக்கலாகும். நெடுஞ்சாலை ஒருபுறமும் குடியிருப்பு மறுபுறமுமாக நீளும் ஊர்களில், நடைமேம்பாலத்தின் படிகளைத் தவிர்த்து நான்கு தடங்களையும் நடந்தே கடப்போர் பலர். மின்தொடர்வண்டி நீராவி வண்டியைப் போல் தொலைவிலிருந்தே ஓசை எழுப்புவதில்லை. ஒரு வண்டி கடக்கும் இரைச்சலில் மறுதடத்து வண்டி வருவது கேட்பதுமில்லை. காதில் பாட்டுக் கருவி செருகிக்கொண்டு கடப்போர்க்கு இடர் இன்னும் மிகுதி. முதியோர்க்கும் சுமை தூக்கி வருவோர்க்கும் உயரமான பாலம் எளிதன்று என்பதால், நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் பழுதின்றி இயங்குவது பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.

நெடுந்தொலைவுச் சேவைகள்

எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் விரைவுவண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நின்று செல்கின்றன. பாண்டியன், மலைக்கோட்டை, நெல்லை, கன்னியாகுமரி, வைகை, பல்லவன் ஆகியவை இவற்றுள் சில. தென்சென்னையில் வாழ்வோர் எழும்பூர் வரை செல்லாமல் இங்கேயே ஏறிக்கொள்வதால், இரவு வண்டிகளில் கணிசமான இடங்கள் தாம்பரத்தில்தான் நிரம்புகின்றன. மதுரை தேஜஸ் வண்டி தொடக்கத்தில் இங்கு நிற்கவில்லை. நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 2023 பிப்ரவரியில் அதற்கு நிறுத்தம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டிக்குத் தொடக்கத்திலேயே இங்கு நிறுத்தம் இருந்தது.

எழும்பூரில் நடைமேடைகளை மேலும் பெருக்க இடமில்லை என்பதால், 2010களில் தாம்பரம் மூன்றாம் முனையமாக வளர்க்கப்பட்டது. முன்பதிவற்ற பெட்டிகளே கொண்ட அந்தியோதயா வண்டி 2018 ஆம் ஆண்டு இங்கிருந்து தென்மாவட்டத்திற்குத் தொடங்கப்பட்டு, பின்னர் நாகர்கோவில் வரை செல்லலாயிற்று. ஐதராபாத்து செல்லும் சார்மினார் விரைவுவண்டியும் சென்ட்ரலிலிருந்து தாம்பரத்திற்கு நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 8 அன்று திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செங்கோட்டை செல்லும் வண்டியும், புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் 6 அன்று இராமேசுவரம் செல்லும் வண்டியும் இங்கிருந்து தொடங்கப்பட்டன. காவிரிப் படுகையின் கரையோர ஊர்களுக்குப் பல ஆண்டுகள் கிடைக்காதிருந்த நேரடிச் சென்னை இணைப்பு இவ்விரு வண்டிகளால் கிட்டியது. 2025 இல் எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணியின்போது வேறு சில தென்மாவட்ட வண்டிகளும் தற்காலிகமாகத் தாம்பரத்திலிருந்து இயக்கப்பட்டன.

அசாம், சார்க்கண்டு ஆகிய மாநிலங்களுக்குச் செல்லும் நெடுந்தொலைவு வண்டிகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. புறநகர்த் தொழிற்பேட்டைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர்க்கு இவை ஊர் செல்லும் வழி. அவ்வண்டிகள் புறப்படும் நாட்களில் நிலைய வாயிலில் வங்காளமும் அசாமியமும் இந்தியும் தமிழுக்கு இணையாக ஒலிக்கின்றன. தீபாவளி, பொங்கல் காலங்களில் தென்மாவட்டங்களுக்கான சிறப்பு வண்டிகள் பல தாம்பரத்திலிருந்தே விடப்படுகின்றன.

பிற போக்குவரத்து இணைப்புகள்

மேற்குத் தாம்பரத்தில் நிலையத்தை ஒட்டியே மாநகரப் பேருந்துகள் நிற்கின்றன. 1984 ஆம் ஆண்டு சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி வளாகமும், முடிச்சூர், சேலையூர், மேடவாக்கம் முதலிய இடங்களின் குடியிருப்புகளும் இந்நிலையத்தையே சார்ந்துள்ளன.

தென்மாவட்டங்களுக்கான பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இயங்கிய காலத்தில், தென்சென்னை மக்கள் தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ சாலையோரம் காத்திருந்து ஏறினர். 2023 திசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, அப்பேருந்துகள் அங்கு மாற்றப்பட்டன. முனையம் இருப்புப்பாதைக்கு மிக அருகில், வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே உள்ளது. ஆயினும் திறக்கப்பட்ட நாளில் அங்கு தொடர்வண்டி நிலையம் இல்லை. அதற்கான பணி அதன் பின்னரே நடைபெறலாயிற்று. விடியற்காலையில் தெற்கிலிருந்து வந்திறங்கியோர் பெட்டிகளுடன் மாநகரப் பேருந்தில் ஏறித் தாம்பரம் வந்து மின்தொடர்வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதனால் தாம்பரத்தின் அதிகாலை வண்டிகளில் கூட்டம் கூடியது.

விமான நிலையத்திலிருந்து பல்லாவரம், தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை ஏறத்தாழ 15.5 கிலோமீட்டருக்கு மெட்ரோ இரயிலை நீட்டிக்கத் திட்ட அறிக்கை உருவாக்கப்பட்டுள்ளது. அது நிறைவேறினால், பெருந்தென்தடச் சாலையும் புறநகர் இருப்புப்பாதையும் மெட்ரோவும் தாம்பரத்தில் அருகருகே அமையும்.